சோனியாய் வந்த தைலமரக் கன்றுகள்: ஒரு தட்டுக்கு மதிப்பீடு

பெட்டியைத் திறந்ததும் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு தட்டு வாங்கியிருந்தேன், தட்டுக்கு 24 யூகலிப்டஸ் கன்று. இனம் காமல்டுலென்சிஸ், ஒரே குளோன் (ஒரே தாய்மரத்தின் நகல்கள்), ஒரே வயது. ஒரு தட்டு சாதாரணமாக வளர்த்தது. இன்னொன்று ‘ஹார்டனிங் செய்தது’, அதாவது தாகத்துக்குப் பழக்கியது, என்று சீட்டு ஒட்டி வந்தது. சாதாரணத் தட்டு பார்க்கவே குளிர்ச்சி: முழங்கை உயரம், பளபளவென்று அகன்ற இலை, வளைத்தால் வளைகிற பச்சைத் தண்டு. ஹார்டனிங் தட்டில் ஒவ்வொன்றும் ஒரு சாண். தண்டு அடிப்பாகம் பழுப்பேறி விறகுக்குச்சி மாதிரி. இலை சின்னது, தடிப்பு, விளிம்பில் செம்பு நிறம்.

மாமனார் எட்டிப் பார்த்தார். “இதையாம்மா நடப் போறே? காய்ச்சல்ல கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து வீட்டில் ஒன்று செம்புத் தட்டு, மற்றது பச்சைத் தட்டு. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முன்கதை கொஞ்சம் உண்டு. இதற்கு முந்தைய நடவில் பச்சையாய்க் கொழுகொழுவென்று இருந்த 60 கன்றுகளை ஆசையாகத் தேர்ந்தெடுத்து நட்டேன். மூன்றாவது வாரம் மோட்டார் பழுதாகி ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. 38 கன்று போயிற்று. அதனால் இந்த முறை நடுவதற்கு முன் நானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. நாற்றங்காலின் பெயரை இங்கே போடப்போவதில்லை. நான் மதிப்பிடுவது ‘ஹார்டனிங் செய்த கன்று’ என்ற பொருளை. அது சொன்னபடி வறட்சியைத் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஹார்டனிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நாற்றங்காலின் கடைசி மூன்று நான்கு வாரத்தில் நிழல்வலையை எடுத்துவிடுவார்கள். கன்றுகளுக்கு நடுவே இடைவெளி கூட்டி அடி இலைக்கும் வெயில் படச் செய்வார்கள். தழைச்சத்தைக் குறைப்பார்கள். தண்ணீரை, நுனி லேசாகத் தலை சாயும் வரை தள்ளிப்போட்டு, அப்புறம் நன்றாக விடுவார்கள். இப்படிப் பலமுறை. தாகம் என்றால் என்ன என்று கன்றுக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிற வேலை.

நான் செய்த சோதனை எளிமையானது. தட்டுக்கு ஆறு கன்று எடுத்து 5 லிட்டர் தொட்டிகளில், ஒரே கலவையைச் சலித்துப் போட்டு நட்டேன். பத்து நாள் தாராளமாகத் தண்ணீர். பத்தாம் நாள் மாலை தொட்டி ஒழுகுமளவு விட்டு, வடிந்தபின் மண் மேற்பரப்பை பிளாஸ்டிக் தாளால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டினேன். மண்ணிலிருந்து நேராக ஆவியாகப் போவதைத் தடுத்துவிட்டால், தொட்டியின் எடை ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் இலை வழியே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கன்று வளர்ந்து கூடும் எடை இத்தனை குறுகிய காலத்தில் கணக்கில் வராத அளவு. சமையலறைத் தராசு 10 கிலோ தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும். அது போதும்.

விஞ்ஞானிகள் இதற்கு இலையை வெட்டி அழுத்தக் கலத்தில் வைத்து, காம்பில் சாறு துளிர்க்க எத்தனை அழுத்தம் வேண்டும் என்று அளப்பார்கள். ஷோலாண்டரும் அவரது குழுவினரும் 1965-இல் பிரபலப்படுத்திய முறை. என்னிடம் இருந்தது தராசு. விடியற்காலையும் அந்தியும் பன்னிரண்டு தொட்டியைத் தூக்கி வைத்து இறக்கி, நோட்டில் எழுதினேன். “பச்சைப் பிள்ளைக்கு எடை பார்க்கிற மாதிரி பார்க்கிறியேம்மா” என்று மாமனார் சிரித்தார். மூன்றாம் நாளிலிருந்து அவரே தொட்டி தூக்கினார்.

முதல் நாள் பச்சைக் கன்று ஒன்று சராசரியாக 160 மில்லி குடித்தது, செம்பு 95. பார்த்தவுடன் ‘ஆகா, சிக்கனம்’ என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். அப்புறம் தட்டில் மிச்சமிருந்ததில் ஆளுக்கொன்று எடுத்து எல்லா இலையையும் பறித்து, கட்டத்தாளில் வரைந்து சதுரம் எண்ணினேன். பச்சையில் சுமார் 900 சதுர சென்டிமீட்டர் இலை. செம்பில் 560. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குடிக்கின்றன. ஆக, தண்ணீர் தாராளமாக இருக்கும்போது ஹார்டனிங் கன்றின் இலை ஒன்றும் பெரிய சிக்கனக்காரி இல்லை. இலைப்பரப்பு குறைவு, அவ்வளவுதான். விற்பவர்கள் ‘தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கன்று’ என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள், பாதி உண்மை.

மீதிப் பாதி நாலாம் நாளிலிருந்து தெரிந்தது. நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன், எல்லாம் ஆறு கன்றின் சராசரி, மில்லிலிட்டரில். பச்சை: 160, 158, 150, 95, 40. ஐந்தாம் நாள் மாலையோடு கதை முடிந்தது. செம்பு: 95, 94, 92, 80, 66, 55, 46, 38, 30, 22, 15. பதினோரு நாள்.

பச்சை செலவாளி. கையில் இருக்கும் வரை ஒரே மாதிரி செலவழித்து, ஒரு நாள் திடீரென்று பை காலி. செம்பு நாலாம் நாளே கையைச் சுருக்க ஆரம்பித்து, படிப்படியாக இறங்கியது. மண் காயும்போது வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் கூடும். அது இலைத்துளையின் காவல் செல்களைத் தளரச் செய்து துளையை மூடவைக்கும். பச்சைக் கன்றிலும் இதே ஏற்பாடு இருக்கிறது, ஆனால் சின்ன வேர், பெரிய இலை. தகவல் போய்ச் சேர்ந்து கதவு அடைபடுவதற்குள் மண் வறண்டுவிடுகிறது.

இந்த எண்களைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது அளவுகோல். ஒவ்வொரு கன்றிலும் நுனியில் விரிந்துகொண்டிருந்த இளம் இலை ஒன்றுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, தினமும் நீளம் அளந்தேன். பச்சையில் நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் வளர்ந்த இலை, மூன்றாம் நாள் 2 மில்லிமீட்டர்தான் நீண்டது. நாலாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாள் அந்தக் கன்று 150 மில்லி குடித்திருக்கிறது, ஒரு இலைகூடத் தொங்கவில்லை, பார்ப்பவர்களுக்கு முழு ஆரோக்கியம். ஆனால் வளர்ச்சி பாதிக்கும் கீழே போய்விட்டது. செல் பெரிதாவதற்கு உள்ளிருந்து தண்ணீர் தள்ளுகிற விறைப்பு வேண்டும். காயும் மண் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும் இழுவை கொஞ்சம் கூடினாலும் முதலில் அடிபடுவது அந்த விறைப்புதான். ஒளிச்சேர்க்கை அதற்கப்புறம்தான் குறையும். வாடுவது கடைசி. இலை தொங்கியதைப் பார்த்துத் தண்ணீர் விடுகிற நாம் (நான் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன்) இரண்டு நாள் வளர்ச்சியை ஏற்கெனவே இழந்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறோம். இந்த விஷயத்தில் செம்புக்குப் பெருமை எதுவும் இல்லை. அதன் இலை ஆரம்பத்திலேயே நாளுக்கு 2 மில்லிமீட்டர்தான் நீண்டது. ஐந்தாம் நாள் அதுவும் நின்றது.

நாலாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் இரண்டு மணிக்கொருமுறை எடை பார்த்தேன். தண்ணீர் நிறைந்திருக்கும்போது உச்சி வெயிலில்தான் அதிகம் குறையும், வெயிலோடு சேர்ந்து ஏறி வெயிலோடு இறங்கும். நாலாம் நாள் செம்பு காலை பத்துக்கு முன்னாலேயே தன் பங்கில் பெரும்பகுதியை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் கிட்டத்தட்ட எடையே மாறாமல் நின்றது. காற்றில் ஈரம் இருக்கும் விடிகாலையில், ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அதிக கரியமில வாயு கிடைக்கும் நேரத்தில், கடை திறந்து, வெயில் ஏறுமுன் கடை சாத்துகிற வியாபாரம். பச்சை அன்று மதியமும் திறந்தே வைத்திருந்தது. மறுநாள்தான் அதன் விளைவு.

தொங்குவதையும் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதிர்ந்த யூகலிப்டஸ் மரத்தில் இலைகள் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்; உச்சி வெயில் விளிம்பில் பட்டு வழுக்கிப் போகும், மரத்தடியில் நிழலே தேறாது. கன்றுப் பருவத்தில் அந்த வசதி பல இனங்களுக்கு இல்லை. குளோபுலஸ் என்ற இன்னொரு யூகலிப்டஸ் இனத்தின் கன்றைப் பார்த்தால் அது வேறு செடியோ என்று தோன்றும்: காம்பில்லாத, வட்டமான, நீலச் சாம்பல் மெழுகு பூசிய இலைகள் எதிரெதிராகக் கிடைமட்டமாக விரிந்திருக்கும், தண்டு சதுரம். அரிவாள் மாதிரித் தொங்கும் இலை வளர்ந்தபின் வருவது. அதனால் இளங்கன்று மதியம் வாடித் தொங்குவது, பெரிய மரம் நிரந்தரமாகச் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டைத் தற்காலிகமாகச் செய்துகொள்வது மாதிரி. பார்க்க வேண்டியது மறுநாள் விடியலை. இரவெல்லாம் வேர் இழுத்த தண்ணீரில் இலை நிமிர்ந்திருந்தால் கவலையில்லை. விடிந்தும் தொங்கினால்தான் ஆபத்து. பச்சை ஆறாம் நாள் விடியலில் நிமிரவில்லை. செம்பு பன்னிரண்டாம் நாள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நிமிராமல் போகும் வரை பச்சை மண்ணிலிருந்து எடுத்தது 603 மில்லி. செம்பு எடுத்தது 633. தொட்டியும் மண்ணும் ஒன்றுதான். 30 மில்லி பெரிய வித்தியாசம் இல்லை, ஆறு தொட்டியை வைத்துச் சத்தியமும் செய்ய மாட்டேன். ஆனால் திசை சரியாகத்தான் இருக்கிறது. தாகத்துக்குப் பழகிய கன்று தன் செல் சாற்றில் சர்க்கரை, பொட்டாசியம் போன்றவற்றைச் சேர்த்து அடர்த்தியாக்கிக்கொள்ளும். சாறு அடர்த்தியானால் மண் இறுக்கிப் பிடித்திருக்கும் தண்ணீரையும் கொஞ்சம் கூடுதலாக இழுக்க முடியும், விறைப்பும் சீக்கிரம் போகாது. மண் பாடங்களில் ‘நிரந்தர வாடல் நிலை’ என்று 1.5 மெகாபாஸ்கல் இழுவையைச் சொல்வார்கள், காற்றழுத்தத்தைப் போல் 15 மடங்கு. அது சூரியகாந்தி போன்ற பயிர்களை வைத்து வந்த எண். பல யூகலிப்டஸ்கள் அந்தக் கோட்டைத் தாண்டியும் இழுக்கும். அதிகம் இழுத்தால் தண்டின் நீர்க்குழாய்க்குள் காற்றுக் குமிழி விழுந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாய் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. சிக்கனம் எல்லாம் அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கத்தான்.

சரி, திரும்பத் தண்ணீர் விட்டபோது? இதில்தான் செம்புத் தட்டுக்கு முழு மார்க். விடியலில் நிமிராத அன்றே அந்தந்தத் தட்டுக்குத் தண்ணீர் விட்டேன். செம்பு ஆறும் மறுநாள் காலை தலை நிமிர்ந்தன. ஆனால் அன்று குடித்தது முதல் நாள் அளவில் பாதிகூட இல்லை. தண்ணீர் வந்தும் நம்பாத மாதிரி, நாலு நாள் எடுத்து மெதுவாகத் திறந்தது. பச்சையில் இரண்டு நிமிரவே இல்லை. நுனி கருகி, இலை நொறுங்கிவிட்டது. மீதி நான்கும் நிமிர்ந்தன, ஆனால் தண்ணீர் விட்டதற்கு அப்புறம் அடி இலைகளைக் கொட்டின. அன்று பதறிவிட்டேன். உதிர்வதற்குக் காம்படியில் உயிருள்ள செல்கள் வேலை செய்ய வேண்டும், வறட்சியின் உச்சத்தில் அதற்கும் தெம்பு இருக்காது. தண்ணீர் கிடைத்தபின்தான் வேண்டாததைக் கழற்றிப் போடும். ஆகவே தண்ணீர் விட்டபின் இலை கொட்டினால் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி அழுக விடாதீர்கள். நுனி கருகிய இரண்டையும் பிடுங்கப் போனேன். மாமனார் தடுத்து, தண்டின் அடியில் நகத்தால் சுரண்டினார். ஒன்றில் உள்ளே பச்சை. பதினைந்து நாளில் அடிக் கணுவிலிருந்து துளிர்த்தது. மற்றது போயே போயிற்று.

இப்போது குறைகள். செம்பு நிறத்தைப் பற்றிக் கூட வந்த சீட்டில் ‘இலை சிவந்தால் நோய், மருந்து தெளிக்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தங்கள் ஹார்டனிங்கையே நோய் என்கிறார்கள்! அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்கிற நிறமி. தண்ணீரில்லாமல் கதவடைத்த இலைமேல் வெயில் மட்டும் குறையாமல் விழும்போது பிடித்துக்கொள்ளும் குடை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மணிச்சத்துக் குறைந்தாலும், குளிர்ந்தாலும் இதே நிறம் வரலாம், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் எடுத்தவுடன் மருந்து தெளிக்கிற விஷயம் இல்லை.

அதே சீட்டில் ‘நட்டபின் தினமும் காலை மாலை தண்ணீர்’ என்றும் இருக்கிறது. நான்கு வாரம் பாடுபட்டுப் பழக்கியதை இரண்டு வாரத்தில் மறக்கடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மேலே மேலே தெளித்தால் வேரும் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். வேர் பிடிக்கும் வரை கவனித்து, அப்புறம் ஆழமாக விட்டு இடைவெளி கொடுத்தால்தான் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

பெரிய குறை வேரில். கன்றுகள் 90 மில்லி ரூட் ட்ரெய்னர் குழாயில் வந்தன. அதன் உட்சுவரில் உள்ள கோடுகள் வேரைச் சுற்றவிடாமல் நேராகக் கீழே இறக்கும். அடித் துளையில் காற்றுப் பட்டு நுனி தானாகக் காய்ந்து நின்றுவிடும், பக்கவேர்கள் கிளைக்கும். தட்டு தரையிலிருந்து உயரமாக, அடியில் காற்றோட்டத்தோடு இருந்தால்தான் இது நடக்கும். எனக்கு வந்த செம்புத் தட்டில் ஏழு குழாய்களின் அடியில் தடித்த வேர் நீட்டிக்கொண்டு, பிய்ந்த முனையோடு இருந்தது. தட்டைத் தரையில் வைத்திருக்கிறார்கள். வேர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, ஏற்றும்போது இழுத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். வறட்சிக்குப் பழக்கிய கன்று என்று சொல்லிக்கொண்டு வேரைப் பிய்த்து அனுப்புவது என்ன நியாயம்? அந்த ஏழையும் சோதனையில் சேர்க்கவில்லை. தனியாக நட்டேன், மூன்று பிழைக்கவில்லை.

இன்னொன்று, சிலதில் ஹார்டனிங் எல்லை மீறிப் போயிருந்தது. நான்கு கன்றுகளில் அடி இலை மஞ்சளாகி, நுனியே நகராமல் நின்றிருந்தது. தாகத்துக்குப் பழக்குவது வேறு, பட்டினி போடுவது வேறு.

சோதனை முடிந்தபின் தட்டுக்கு ஒன்றாக வேரை அலசிப் பார்த்தேன். பச்சையில் இலை மூட்டை, வேர் ஒரு கைப்பிடி. செம்பில் கன்று பாதி உயரம், ஆனால் சல்லிவேர் அதைவிட அடர்த்தி, தொட்டியின் அடிவரை போயிருந்தது. அலசிய தண்ணீர் வாளியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் மாமனார் ‘காய்ச்சல் பிள்ளை’ என்று சொல்வதை நிறுத்தினார்.

ஹார்டனிங்கின் ஆயுளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாராளமாகத் தண்ணீர் விட்டு வளர்த்த மிச்சச் செம்புக் கன்றுகளில் இரண்டு மாதம் கழித்து அதே எடைச் சோதனையைத் திரும்பச் செய்தேன். புதிதாக வந்த இலைகள் பச்சைத் தட்டு இலைகளைப் போலவே அகலம், மென்மை. இலைப்பரப்புக்கான குடியும், வாடிய நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. கன்று பழகியதை மறக்கவும் செய்யும். ஆக இது ஆயுட்கால உத்தரவாதம் அல்ல. நட்ட முதல் சில வாரங்களை, வேர் இறங்கும் வரை, தாண்டிவிடுவதற்கான துணை. அந்தச் சில வாரங்களில்தான் எனக்கு 38 கன்று செத்தது என்பதால் எனக்கு இது போதும். இதெல்லாம் இந்த ஒரு குளோனுக்குச் சொன்னது. யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள். ஈரக் காட்டு இனம் ஒன்று வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

கன்றுக்கு ஐந்தில் நாலரை. வேரைப் பிய்த்து அனுப்பியதற்கு, அந்தச் சீட்டுக்கு, ஐந்தில் ஒன்று. பச்சைத் தட்டை வாங்குவதாக இருந்தால், நட்டபின் ஒரு மாதத்துக்குத் தண்ணீர் ஒரு நாளும் தவறாது என்ற நிலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்படிப்பட்ட இடத்தில் அது செம்பை முந்திக்கொண்டு வளரும், அதையும் மறைக்கக் கூடாது.

அடுத்து நாலு தட்டு சொல்லியிருக்கிறேன், நாலும் ஹார்டனிங். வண்டி வந்ததும் இலையைப் பார்க்கப் போவதில்லை. தட்டைத் தூக்கி அடித் துளையைத்தான் பார்ப்பேன். தூக்கிப் பிடிப்பதற்கு மாமனார் இப்போதே தயார்.